பூ கேட்ட ஞாயிறு

காவேரிப்பட்டணம் தாண்டி
பெண்ணையாற்றை ஒட்டி இறங்கும் மண்பாதையில்
கம்பெனி வண்டியை முதல் கியரில் விட்டேன்.
பின்சீட்டில் லின் மேடம்.
ஷூ கம்பெனித் தையல் பிரிவுக்குத் தலைமை,
தைவானிலிருந்து வந்து பதினாலு மாதம்.
"பழைய கோயில் வேணும். ஆனா சாமி வேலையில இருக்கணும்"
என்று போனை என் முகத்துக்கு நேரே பேசவிட்டார்.

வேலையில்தான் இருந்தது.
கல்வெட்டின் மேலேயே மின்வாரிய மீட்டர்.
உண்டியல் நெற்றியில் க்யூஆர் ஸ்டிக்கர்.
புலியைக் குத்தும் நடுகல் வீரனுக்குக்
காலையில்தான் யாரோ எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள்;
புலிக்கும் சேர்த்துப் பொட்டு.

பூசாரி திம்மராயன்
ஈரப் பூ இரண்டை அம்மன் தோளில் ஒட்டினார்.
வலது விழுந்தால் சரி,
இடது விழுந்தால் வேண்டாம்.
எனக்கு முன்னால் நின்ற மாங்கூழ் ஆலை லோடுமேனுக்கு
இடது விழுந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனான்.
எனக்கு எதுவுமே விழவில்லை.
கால் மணி நேரம்
அம்மனும் நானும் முறைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.
"வேணும்னா ஃபேன் போடட்டுமா?" என்றார் திம்மராயன்.

லின் மேடம் கைப்பையைத் திறந்தார்.
பிறை மாதிரி இரண்டு மரத்துண்டு,
சிவப்புச் சாயம் விளிம்பில் போயிருந்தது.
ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வயிறு.
அவர்கள் ஊர்க் கோயிலில்
இதைப் போட்டுத்தான் கேட்பார்களாம்.
ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி.
இரண்டும் கவிழ்ந்தால் வேண்டாம்.
இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறது.

இங்கே போடலாமா?
திம்மராயன் அம்மனை ஒருமுறை பார்த்தார்.
"கேக்கறவங்க கேக்கட்டும். புரிஞ்சிக்கறது அவ பாடு."

முட்டி போட்டு, கண்ணை மூடி,
உதட்டுக்குள்ளேயே நீளமாய் ஏதோ கேட்டார்.
கல்தரையில் டக், டக்.
இரண்டும் நிமிர்ந்தன.
மறுபடி. மறுபடியும் அதேதான்.
மூன்றாம் முறை திம்மராயனே குனிந்து,
"சிரிக்கிறாளா?"
சிரித்தாள்.
மேடம் துண்டுகளைத் துடைத்தார், பிறகு கண்ணை.
நான் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வெயில், செருப்புக் குவியல்.
வந்த அவசரத்தில் நான் உதறியதில்
ஒன்று குப்புறக் கிடந்தது.
கவிழ்ந்த செருப்பு வீட்டில் சண்டை என்பாள் என் மனைவி.
நிமிர்த்தக் குனிந்தேன்.
"வேணாம், வேணாம் அண்ணா"
மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
பதினாலு மாதத் தமிழில் சொன்னார்:
"ஒண்ணு மேல. ஒண்ணு கீழ."

என்ன கேட்டேன் என்று
அவருக்குச் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.
கால் சுடச் சுட
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்,
செருப்பைத் தொடாமல்.