பத்து நிமிஷம்

இரவு மூன்று மணி.
சிலோயே தீவின் தகரக் கூரைமேல்
மழை இன்னும் பேசி முடிக்கவில்லை.
மருந்து ஏறிய இரவில் தூக்கம் வராது என்று
தெரிந்தவர்கள் ஐந்து பேர்
ஐந்து ஊரில்
கையகல வெளிச்சத்தோடு விழித்திருக்கிறோம்.

யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.
ஆனாலும் எலியேசரின் மலச்சிக்கல் எனக்குத் தெரியும்,
அவன் மனைவிக்குத் தெரியாது.
வாயில் துருப்பிடித்த ஆணி ருசித்தால்
எவர்சில்வர் கரண்டியைத் தூக்கிப் போடு,
மரக்கரண்டியில் சாப்பிடு
என்று சொன்னவள் நோல்ஃபா.
டாக்டர் கொடுத்த எந்தத் தாளிலும் அது இல்லை.

இன்று மதியம் புவெர்ட்டோ மாண்ட்டில்
என் ஸ்கேன் வந்தது.
சுத்தம்.
திரும்பும் படகில் தனியாகச் சிரித்தேன்,
பக்கத்து லாரிக்காரன் தள்ளி உட்கார்ந்தான்.

அதே மதியம் கேயோனிலிருந்து நோல்ஃபா எழுதியிருந்தாள்:
கல்லீரலுக்கும் போய்விட்டதாம்.
உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோல.

எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
கடைசியில், ‘இங்கே மழை’ என்று மட்டும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவள் குரல்,
பின்னால் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்தோடு:
‘மழை எனக்கும் கேட்கிறது, ரெமிஹியோ.
ஸ்கேன் என்ன ஆச்சு?
நல்லதென்றால் சொல்லித் தொலை.
பொறாமைப்படுவேன்தான்,
ஒரு பத்து நிமிஷம்.
அதற்கப்புறம் எனக்கு அது வேண்டும்.’

சொன்னேன்.

பத்து நிமிஷம்
ஐந்து வீட்டிலும் மழை.

பதினோராவதில் கேட்டாள்:
‘படகில் என்ன சாப்பிட்டாய்?’
‘மட்டி வைத்த எம்பனாடா.’
‘ருசி தெரிந்ததா?’