முட்டைக் கணக்கு

பலாலிக் கேற்றடியில்
விடியமுதல் கடகத்தை இறக்குவேன்.
உமிக்குள் நூற்றுப்பத்து.
குசினிக் கிளாக்கர் சவிரிமுத்து
ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் போட்டுப் பார்ப்பான்.
மிதந்தால் கழிவு.

பறக்கப் போகிறவனுக்கு இரண்டு முட்டை.
தரையில் நிற்கிறவனுக்குத் தகரத்தில் வந்த முட்டைமா.
அவர்கள் சட்டம் அது.
ஆகவே எந்த இரவு குண்டு ஏற்றுகிறார்கள் என்று
ரேடியோவுக்கு முதல் எனக்குத் தெரியும்.

என் வெங்காயத் தறையின் மேலால்தான்
ஓடி எழும்பும் அந்த நாலு எஞ்சின் வயிறுகள்.
கிணற்றைத் தூர்த்துக் கல்லுப் போட்டு உருட்டினார்கள்.
துலாவுக்கு ஒன்பது ரூபா நட்டஈடு.

கடலுக்கு அப்பால்
எந்த ஊரில் கொட்டுகிறார்களோ,
அங்கேயும் ஒருத்தி கோழி வளர்ப்பாள்.

காது சிவந்த பொடியன் ஒருத்தன்,
பின்வாலில் குந்தியிருந்து சுடுகிறவனாம்,
கோழிகளின் பெயர் என்ன என்று
சவிரிமுத்துவைக் கொண்டு கேட்பித்தான்.
கோழிக்கு என்ன பெயர்?
பகிடிக்கு, கொண்டைச் சிவப்பிக்கு
அவன் பெயரையே வைத்தேன்: டெனிஸ்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை
சவிரிமுத்து சிட்டையைத் திருத்தினான்.
"நாளைக்கு இருபது குறை, தெய்வானை."
ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டிரண்டாய்ப் பத்துப் பேர்.
விரல் தானாய் மடிந்தது.

மிஞ்சின இருபதை
அச்சுவேலிச் சந்தையில் அரை விலைக்குக் கொடுத்தேன்.
வீட்டில் டெனிஸ்
அன்றைக்கும் இட்டிருந்தது,
கை வைத்தேன், சூடு.

வெள்ளிக்கிழமை புதுச் சிட்டை.
மறுபடி நூற்றுப்பத்து.