படம் 1

மஞ்சக்குப்பத்து பிரிண்டிங் கடையில்
ஒரே இரவில் இரண்டு போஸ்டர்.
இரண்டு பென்டிரைவிலும் கோப்பின் பெயர் ‘படம் 1’.
கடைக்காரர் தெய்வசிகாமணி மேல் குற்றமில்லை.
வேறு பெயர் வைக்க எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

காலாப்பட்டுக் கருத்தரங்கில்
சுருளைப் பிரித்து மாட்டினேன்.
தலைப்பு என்னுடையது, பெயர் என்னுடையது:
கிள்ளை உப்பங்கழியில் ஓதத்தின் போக்கும் வரவும்.
நடுவில் கிளைகள்.
பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து,
நுனியில் மயிரிழையாய் மறைகிற ஓடைகள்.
குச்சியால் தொட்டுத் தொட்டுப் பேசினேன்.
இங்கே சுரபுன்னை வேர் தண்ணீரை நிறுத்திவைக்கிறது,
இங்கே வண்டல், இங்கே திரும்பும் நீர்.
பதினோரு நிமிடம். கைதட்டல்கூட வந்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்து
படத்தின் கீழ்மூலையைக் காட்டினாள்.
“சார், அளவுகோல்ல
ரெண்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கே?”

அதே நேரம் கோரிமேட்டில்
டாக்டர் ரஹ்மத் நிஷா
என் ஓடைகளைக் காட்டி
ஒருவருடைய மூச்சை விளக்கிக்கொண்டிருந்தார்.
அவரை யாரும் கேட்கவில்லை.
மறுநாள் போனில் அதை இரண்டு முறை சொன்னார்.

பிறகு எட்டு மாதம்.
அவர் வெளிநோயாளிகளை முடித்துவிட்டு வருவார்,
என் செருப்பில் சேறு காய்ந்திருக்கும்.
முதல் மாதம் முழுக்க எழுத்துச் சண்டை.
என் தாளில் ஆர் என்றால் ஆரம்,
அவர் தாளில் ஆர் என்றால் தடை.
என் அழுத்தம் நிலவிடமிருந்து வருகிறது,
அவருடையது விலா எலும்புகளிடமிருந்து.
“ஆறு மணிக்கொரு தரம் மூச்சு விடுபவரை
நாங்கள் பிணவறைக்கு அனுப்பிவிடுவோம்” என்றார்.
நெய்வேலிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் சாரங்கபாணி
இரண்டு படத்தையும் ஒரு பார்வை பார்த்தான்.
“ரெண்டும் சர்க்யூட்தானே?”
டீயை ஆற்றிக்கொண்டே போய்விட்டான்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு
எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

கடைசியில் ஒரு வரி கிடைத்தது.
தாய்க்கிளையின் அகலத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தினால்,
அதே அடுக்குக்கு உயர்ந்த பிள்ளைக்கிளைகள்
கூடி அதற்குச் சமமாகும்.
காற்று கட்டுப்பட்டது. கடல் கட்டுப்பட்டது.
அன்று மாலை தேவனாம்பட்டினம் மணலில்
சுட்ட சோளம் வாங்கித் தின்றோம்,
உலகத்தையே மடித்துப் பையில் வைத்தவர்கள்போல.

ஆனால் அவருக்கு அடுக்கு 2.9.
எனக்கு 2.3.
வரி ஒன்று, எண் இரண்டு.
நடுவிலிருக்கும் அந்தச் சொச்சத்தில்
சேறு இருக்கிறதா, சதை இருக்கிறதா,
என் டேப்பின் பிழை இருக்கிறதா,
இன்றுவரை தெரியாது.

பெயர்க்கத் தேவைப்படாத சொல்
ஒன்றே ஒன்று: படிவு.
என் ஓடைக்கும் அதுதான்,
அந்தப் படத்துக்குரிய தனவேலுக்கும் அதுதான்.
முதுநகர்ப் படகுத்தளத்தில் பன்னிரண்டு வருடம்
மணல் பீய்ச்சித் துரு உரித்தவர். வயது நாற்பத்தொன்று.
முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால்
தூர்வார டெண்டர் விடுவார்கள்,
தாமதமாகவாவது விடுவார்கள்.
சமன்பாடு இந்த மூலைக்கு வரும்போது
நாங்கள் இருவருமே பேனாவை மூடிவிடுவோம்.

போன வியாழக்கிழமை தனவேல் வந்திருந்தார்.
குழாயில் ஊதச் சொன்னார்கள்.
ஊதினார். பாதியில் நின்றது.
போன மூச்சு திரும்பி வரட்டுமென்று
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
சுவரில், சட்டம் போட்டு, அவர் நெஞ்சு.
அவருடையதென்று நாங்கள் யாரும்
அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

எழுந்து கிட்டே போனார்.
இடப்பக்கம், மூன்றாவது பிரிவில்
விரலை வைத்தார்.

“இது நம்ம கிள்ளைக் கழிதானே?
இந்த வளைவுல அமாவாசை ஓதத்துக்கு
எறால் கூடை கூடையா ஏறும்.
இப்ப தூந்து கெடக்கு.
படகு உள்ள போவாது.”