வலது பூட்ஸ்

கிளாக்ஸ்விக் மீன் ஆலை. காலை ஐந்தரை.
வெளியே பக்கவாட்டில் அடிக்கிற மழை.
இடது பூட்ஸை இழுத்து மாட்டும்வரை
கர்த்தர் கற்பித்த ஜெபம்.
வலதுக்கு ஒரே ஒரு பெயர்: துரோந்தூர்.
என் படகு இன்ஜினை விற்றுத் தின்றவன்.

பெரிய தீர்மானங்கள் எனக்கு
ஜனவரிப் பனியோடு கரைந்துபோகும்.
பூட்ஸ் போடாமல் வேலை இல்லை;
அதில்தான் கட்டிவைத்தேன் ஜெபத்தை.

முதல் மாதம்
அந்தப் பெயரைத் துப்பினேன்.
பிறகு சொன்னேன்.
பிறகு, சொன்னேனா என்பதே தெரியவில்லை.
பாதி ஜெபத்தில் காட் மீனின் விலை
குறுக்கே வந்த நாட்களும் உண்டு,
ஆண்டவரே, மறைப்பானேன்.

நேற்று துறைமுகத்தில்
எதிரே வந்துவிட்டான்.
திரும்பிக்கொள்ளத்தான் நினைத்தேன்.
வாய் முந்திக்கொண்டது:
"முதுகு வலி தேவலையா?"

அவன் நின்றான்.
நான் குனிந்து பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமை.
காலில் பூட்ஸே இல்லை.