புள்ளி நாற்பத்தொன்று

வானலை ஆய்வு நிலையத்தின் ஜீப்பில்
பின்சீட் என்னுடையது.
மடியில் கணினி,
கூரைமேல் காந்தத்தில் ஒட்டிய ஆன்டெனா,
ஸ்டியரிங்கில் ஒச்சுக்காளை.
மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால்
மேலூர் சுற்றி அறுபத்திரண்டு புள்ளிகள்.
ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் நின்று
காற்றில் என்ன இருக்கிறதென்று
எழுதிக்கொண்டு வர வேண்டும்.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை
என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

புள்ளி நாற்பத்தொன்று, ஊமத்தம்பட்டி.
தவிட்டுக் கரட்டின் முதுகுக்குப் பின்னால்
நிழலில் கிடக்கும் ஊர்.
வெயிலின் நிழலைச் சொல்லவில்லை.
கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை
கரட்டில் முட்டி, விளிம்பில் கொஞ்சம் வளைந்து
மிச்சம் மீதி ஊருக்குள் இறங்கும்:
மைனஸ் நூற்றுப் பதினேழு.
எண் பெருகப் பெருக ஏழ்மை,
எங்கள் கணக்கு அப்படி.

ரேஷன் கடை சீனிச்சாமி
கைரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறுவார்.
பின்னாலேயே கார்டுக்காரர்கள் ஏறுவார்கள்.
மேலே விரல் வைத்துவிட்டுக்
கீழே இறங்கி அரிசி வாங்குவார்கள்.
ஏற முடியாதவர்களின் அரிசி
மூட்டையிலேயே இருக்கும்.
போன முறை இதைப் படம் பிடித்து
அறிக்கையில் ஒட்டியிருந்தேன்.
'புகைப்படம் தேவையற்றது' என்று திரும்பி வந்தது.

நான்கு வருஷம் கழித்து, இந்தத் தை மாதம்,
அதே புளியமரம், அதே மூன்று நிமிடம்.
மைனஸ் எண்பத்து நான்கு.

கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
எண்பத்து நான்கு.
புதுக் கோபுரம் எதுவும் இல்லை.
கணினிக்குள் இருக்கும் வரைபடம் சொல்கிறது:
நடுவே கரடு, உயரம் எழுபத்தாறு மீட்டர்,
அலை வரக் கூடாது.
வந்துகொண்டிருந்தது.

கருவி பழுது என்றார் இயக்குநர்.
ஜெசிந்தா அதைப்
பஞ்சுக்கூம்புகள் ஒட்டிய அறைக்குள் வைத்து
இரண்டு நாள் சோதித்தாள்.
பழுதில்லை என்று சீட்டு எழுதித் தந்தாள்.

மறுபடி போனோம்.
ஒச்சுக்காளைதான் இறங்கி
நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.
"மேடம், கருவிய விடுங்க.
கரட்டைக் காணோம்."

காணோம்தான்.
போன வாரமும் இங்கேதான் நின்றேன்,
திரையைப் பார்த்துக்கொண்டு.
சதுரம் சதுரமாக அறுத்தெடுத்த இடத்தில்
பச்சைத் தண்ணீர்.
கரையில் எண் எழுதிய கற்கள்,
லாரிக்குக் காத்திருந்து
கோர்ட் உத்தரவில் நின்றுபோனவை.

சீனிச்சாமிக்குச் சந்தோஷம்.
"நாலு கோடு நிக்குது மேடம்,
தொட்டியில ஏறியே ஆறு மாசமாச்சு."
பிறகு, கருவியைத் துண்டால் துடைத்தபடி,
"ஆடிக் காத்துதான் இப்ப நேரா வந்து அடிக்குது.
ஓடு நிக்க மாட்டேங்குது."

அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு:
அலைவலு கூடியதற்குக் காரணம்?
புதிய கோபுரம், ஆன்டெனா கோணம், மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தேன்.
இருபது எழுத்துக்குமேல் ஏற்காத கட்டத்துக்குள்
'மலை இல்லை' தாராளமாக அடங்கியது.

வரைபடக் கோப்பைத் திருத்துவதும் என் வேலை.
எழுபத்தாறை அழித்து
மைனஸ் இருபத்தொன்று என்று போட்டால்
கணக்கு ஒத்துப்போகிறது.
உறுதியா, என்றது கணினி.
கிராமக் கணக்கில் அது இன்றும் கரடு.
தாலுகா வரைபடத்தில் கரடு.
கனிமத்துறையில் வழக்கு.
ஓர் அரசுக் கணினியிடம் முதன்முதலாக
அது பள்ளம் என்று சொல்லப்போகிறவள்
செல்போன் கோடு எண்ண வந்தவள்.
ஆம் என்பதை அழுத்தினேன்.
விரல்ரேகை எதுவும் கேட்கவில்லை.

கடைசிப் புள்ளிக்குப் போகும் வழியில்
ஜெசிந்தா அழைத்தாள்.
"அப்போ எண்பத்து நான்கு நிஜம்தானா?
நல்ல சேதிதானே?"
சொல்லத் தொடங்கினேன்.
ஒத்தக்கடை தாண்டி, நரசிங்கம் பக்கம் வளைந்து
யானைமலையின் மறுபுறம் போனதும்
அவள் குரல் நொறுங்கி, துண்டு துண்டாகி
அறுந்தது.

"கட்டாயிருச்சா மேடம்?"
கண்ணாடியில் பார்த்தார் ஒச்சுக்காளை.

ஜன்னலில் தலையை நீட்டி
அண்ணாந்து பார்த்துவிட்டு,
இருக்கு, என்றேன்.