இடப்பக்கம்

வட்டலில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது.
"போதுங்களா?" என்கிறாள் பழனாத்தாள்.
தீந்துபோச்சு என்கிறேன்.
ஒன்றும் சொல்லாமல் வட்டலைத் திருப்பி வைக்கிறாள்.
எங்கிருந்தோ வந்து சேர்கிறது
கொஞ்சம் அரசாணிக்காய்ப் பொரியல்,
ஒரு கைச் சோறு,
பொரிக்கும்போது சத்தம் மட்டும் கேட்ட அப்பளம்.

ஆவணியில் ஒரு விடியற்காலை
பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியில் பாதி வாய்தான் நுரையைத் துப்பியது.
ஈரோட்டில் பதினொரு நாள்.
மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று
படம் போட்டு விளக்கினார் டாக்டர்,
முப்பத்தொரு வருசம்
போர் வண்டி ஓட்டியவனுக்கு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் ராத்திரி
என் பக்கத்தில் ஒரு கை கிடந்தது.
கனமாக, சில்லென்று.
"ஆரு கையிது, எடுத்து அக்கட்டால போடு."
அவள் விளக்கைப் போட்டாள்.
சுண்டுவிரலில் நகமில்லை.
ராய்ச்சூரில் கேசிங் பைப் நசுக்கிய விரல்.
சரி, என் கைதான் என்று ஒத்துக்கொண்டேன்,
கடன் பத்திரத்தில் கையெழுத்தைப் பார்த்தவன் மாதிரி.

புதனும் சனியும் தஸ்லிமா வருகிறாள்,
குமாரபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில்.
வேண்டுமென்றே இடப்பக்கமாக வருவாள்.
"வணக்கமுங்க, எங்க இருக்கேன்? தேடுங்க."
குரல் இருக்கிறது, ஆள் இல்லை.
கழுத்தைத் திருப்பு. இன்னும். இன்னும்.
சுவரில் ஒட்டிய சிவப்பு டேப் தெரியும் வரைக்கும்.
பேப்பரின் ஓரத்திலும் அதே டேப்.
அதைப் பிடித்த பிறகுதான் வரி தொடங்க வேண்டுமாம்.
பிடிக்காத நாளில்
திருச்செங்கோடு எனக்கு
வெறும் கோடு.

பிறகு நாற்காலி.
இரண்டு கையையும் கோத்து முன்னால் சாய்ந்து
மூக்கு பெருவிரலைத் தாண்டினதும் எழ வேண்டும்.
"இடது கால்லயும் பாரம் குடுங்க. அதை ஏமாத்தாதீங்க."
எழுந்தால் ஒரு ராடு. ராடுக்கு இருபதடி.
பத்து தரம் எழுந்தால் இருநூறு.
தஸ்லிமாவுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.
பழனாத்தாள் காலண்டர் தாளின் பின்புறம்
அடியாகவே எழுதி வைக்கிறாள்.
ஐப்பசி முடிய ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தண்ணி வந்ததா என்று கேட்க வேண்டாம்.
ஆயிரத்து இருநூறடியும் புகையாகவே பறந்து
தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்துவிட்ட ஊர்கள் உண்டு.
அப்போதும் அடிக்குத்தான் காசு வாங்கினேன்.

பொழுதோட எண்ணெய் காய்ச்சி வருவாள்.
சன்னலில் மலை.
"மேல இருக்கறவருக்கே இடப்பக்கம் பொண்டாட்டிக்குத்தானுங்க.
எழுதி வெச்சதைத்தான் கேக்கறேன்,
குடுங்க அந்தக் கையை."
தோளிலிருந்து நகமில்லாத விரல் வரை உருவிவிடுவாள்.
முழங்கைக்குக் கீழே எனக்குத் தெரியாது.
அவள் வளையல் சத்தத்தை வைத்து
எங்கே இருக்கிறாள் என்று கணிப்பேன்.

ஒருநாள் சொல்லிவிட்டேன்:
"இந்தச் சீக்கு மோசமாயிருக்குது, பழனா.
பக்கத்துல உக்காந்திருந்தாலும்
நீ இருக்கறது தெரிய மாட்டேங்குது."

கை நிற்கவில்லை.
"முன்னயும் இந்தப் பக்கம் பாத்ததில்லீங்க.
அப்ப உங்களுக்குச் சீக்கு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை.
எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.
நாசிக்கிலிருந்து, ஜபல்பூரிலிருந்து
பணம் போட்டுவிட்டேன் என்று மட்டும் பேசிய போன்கள்.
நோம்பிக்கு நாலு நாள் வருவேன்,
இரண்டு நாள் தூங்குவேன்.

இன்றைக்குச் சனி. தஸ்லிமா இன்னும் வரவில்லை.
யாரும் தேடச் சொல்லாமல்
கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.
சன்னல் கம்பி. கொடியில் துண்டு. சிவப்பு டேப்.
டேப்புக்கு அந்தாண்ட
முறத்தை மடியில் வைத்து
பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள்.
உரித்ததே கால்படி இருக்கும்.

கழுத்து கடுக்கிறது.
திரும்பின மேனிக்கே வைத்திருக்கிறேன்.