பத்தாம் கற்பனை

கொன்றதில்லை. திருடியதில்லை.
ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தொட்டதில்லை.
ஹானுஸின் வீட்டுக்குக்கூட ஆசைப்பட்டதில்லை,
புல் முளைத்த கூரை, மழைக்கு ஒழுகும்.
ஒன்பது விரல் மடக்கிவிடுவேன்.

அவன் படகு பச்சை.
விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு.
பதினோரு வருடம்
என் சமையலறை ஜன்னலிலிருந்தே
அதை ஓட்டியிருக்கிறேன்,
கையில் காபிக் கோப்பையோடு.
யாருக்கு நட்டம்?
வெறும் கற்பனைதானே.

பிப்ரவரியில், மூடுபனி விலகிய ஒரு காலை
படகைக் கட்டி இழுத்து வந்தார்கள்.
ஆள் இல்லை.
ஃபாரோத் தீவுக்காரர்கள் சத்தம் போட்டு அழுவதில்லை;
துறையில் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.
நானும் கழற்றினேன்.
அதற்குள் என் கண்
பலகை பலகையாய்த் தடவி முடித்திருந்தது.
நல்லவேளை, ஒரு கீறல் இல்லை.

நல்லவேளை.

சபையில் பாவ அறிக்கையை
ஒரே குரலாய்ச் சொல்கிறோம்.
அத்தனை வாய்க்கு நடுவில்
என் வாயும் சுத்தமாகத்தான் கேட்கிறது.

ஈஸ்டர் முடிந்து சுன்லைவ் வந்தாள்.
"அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், ஹைனி.
படகை நீயே எடுத்துக்கொள்.
விலை உன் இஷ்டம்."
மேசைமேல் சாவியை வைத்துவிட்டுப் போனாள்.
குறடு மாதிரிக் கிடந்தது அது,
மூன்று நாள்.

கடவுளிடம் சொல்ல என்ன இருக்கிறது,
அவருக்கு அன்று துறையிலேயே தெரியும்.
தெரியாதவள்
நான்கு வீடு தள்ளி இருக்கிறாள்.

சாவி உள்ளங்கையில் சில்லென்றிருக்கிறது.
முதல் வார்த்தை இன்னும் வரவில்லை.
தட்டிவிட்டேன்.
உள்ளே
நாற்காலி நகரும் சத்தம்.